சுமை கூடினால் மிதி கனக்கும்

கொக்கிளாயில் மாதர் சங்கமொன்று நடத்திவரும் அரைக்கும் மில்லின் மோட்டார், ஒரே வருடத்தில் இரண்டு தடவை எரிந்து போனது. முதல் தடவை எரிந்தபோது சங்கத்துப் பெண்கள் தமது சேமிப்பிலிருந்து பணம் எடுத்து வைண்டிங் கட்டுவித்தார்கள். இரண்டாவது தடவை எரிந்தபோது சேமிப்பும் இல்லை, மில்லை வாங்குவதற்கு எடுத்த கடனின் தவணைகளும் நிலுவையில் நின்றன.

அந்தச் சங்கத்திற்குப் பொறுப்பான சமூகப் பணியாளர் நான்தான். ஏன் எரிந்தது என்று மேலிடத்திலிருந்து அறிக்கை கேட்டார்கள். "பயனாளிகளுக்கு இயந்திரத்தை இயக்குவதில் போதிய பயிற்சி இன்மை" என்று எழுதினேன். அந்த அறிக்கையை வைத்தே, மில்லை வெளியாள் ஒருவருக்குக் குத்தகைக்குக் கொடுக்கலாம் என்ற ஆலோசனை எழுந்தது. "பொம்பிளையளுக்கு மெசின் சரிவராது தங்கச்சி" என்று ஊரில் ஒருவர் எனக்கே சொன்னார். சமூகவியல் படித்த நான், மோட்டாரைப் பற்றி எதுவும் தெரியாமல், அவர் சொன்னதையே கொஞ்சம் படித்த வார்த்தைகளில் எழுதியிருந்தேன் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது.

அந்த அறிக்கையை நான் திருத்தி எழுத நேர்ந்த கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். தையல் மெசின், தண்ணீர் பம், கிறைண்டர் என்று ஏதாவதொரு மோட்டாரை நம்பிச் சீவியம் நடத்தும் சகோதரிகள் இதை ஒருமுறை பொறுமையாக வாசிக்க வேண்டும்.

மில் என்றால் வெறும் மெசின் அல்ல

முல்லைத்தீவு மாவட்டத்தின் தென் எல்லையில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே இருப்பது கொக்கிளாய். 1984 டிசெம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் தமது ஊர்களை விட்டு வெளியேற நேர்ந்தது. அன்று கைக்குழந்தையாகப் போனவர்கள், 2009இல் போர் முடிந்த பின் தாய்மாராகத் திரும்பி வந்தார்கள். திரும்பி வந்தபோது வளவு காடாகிக் கிடந்தது. பல வீடுகளில் உழைப்பதற்கு ஆண் துணை இல்லை.

இப்படியான ஊரில் அரிசிமாவும் மிளகாய்த்தூளும் அரைக்கிற ஒரு மில் ஏழெட்டுக் குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கிறது. பிள்ளையின் கொப்பி, பஸ் காசு, கடன் தவணை எல்லாம் அந்த மோட்டார் சுற்றுவதில்தான் தங்கியிருக்கின்றன. அது நின்றால் இவையும் நின்றுவிடும்.

ஓர் அம்மா சொன்ன விளக்கம்

இரண்டாவது தடவை மோட்டார் எரிந்த பின் நடந்த கூட்டத்தில் அழுகையும் ஆத்திரமுமாக இருந்தது. யார் அன்று மில்லில் நின்றது, யார் கூடுதலாக மிளகாய் கொட்டியது என்று ஒருவரை ஒருவர் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு மூலையில் இருந்த அம்மா ஒருவர், அறுபது வயதைத் தாண்டியவர், காணாமல் போன மகனை இன்றும் தேடிக்கொண்டிருப்பவர், மெதுவாகச் சொன்னார்.

"சண்டை பிடிக்காதேங்கோ பிள்ளையள். அந்தப் பெரிய சில்லுப் போட்ட நாளிலையிருந்துதான் மோட்டாரின்ர சத்தம் மாறினது. மிளகாய் போட்டவுடனே முக்குது. டைனமோவிலை லைற்றைப் போட்டால் மிதி கனக்குமெல்லோ, அதுமாதிரி."

டைனமோ என்றதும் என் நினைவு முள்ளியவளைக்குப் போய்விட்டது. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடை 2002இல் நீக்கப்படும் வரை வன்னிக்கு மின்சாரம் இல்லை. ரோர்ச் பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருள். எங்கள் வீட்டில் சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, பின்சில்லில் டைனமோவைப் பொருத்தி, அதிலிருந்து வயர் எடுத்து றேடியோ கேட்போம். மாலையில் பீபீசி தமிழோசை முடியும் வரைக்கும் மிதிப்பது என் வேலை. எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். வேகமாக மிதித்தால் சத்தம் தெளிவாக வரும். களைத்து மெதுவானால் றேடியோவும் முனகத் தொடங்கும். "மிதி பிள்ளை, மிதி" என்று அப்பப்பா கத்துவார்.

எங்கள் வயதுப் பெண்களுக்கும் மூத்தவர்களுக்கும் இது பழகிய விடயம். மின்பிறப்பாக்கியின் விதியை நாம் புத்தகத்தில் படிக்கும் முன்னமே காலால் படித்துவிட்டோம். படித்தது என்று நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

மிதி ஏன் கனத்தது?

சைக்கிள் டைனமோவின் உள்ளே ஒரு காந்தம் சுழல்கிறது. அதைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள் அசையாமல் இருக்கிறது. காந்தம் சுழலும்போது சுருளில் மின்னழுத்தம் பிறக்கும் என்பதை 1831இல் மைக்கேல் பரடே கண்டுபிடித்தார். எவ்வளவு வேகமாகச் சுழல்கிறதோ அவ்வளவு கூடிய வோல்ற்றளவு பிறக்கும். வேகமாக மிதித்தபோது றேடியோ தெளிந்ததன் காரணம் இதுதான்.

ஆனால் வயரில் எதையும் இணைக்காவிட்டால் வோல்ற்றளவு இருந்தும் மின்னோட்டம் ஓடாது. அப்போது மிதி இலேசாக இருக்கும். ஒரு விளக்கை இணைத்தவுடன் சுருளில் மின்னோட்டம் ஓடுகிறது. மின்னோட்டம் ஓடும் சுருளும் ஒரு காந்தமாகிவிடும். அந்தக் காந்தம், தன்னை உண்டாக்கிய சுழற்சியையே எதிர்த்துப் பிடிக்கிறது. 1834இல் லென்ஸ் என்ற விஞ்ஞானி வகுத்துச் சொன்ன விதி இது. அந்த எதிர்ப்புத்தான் எமது காலுக்குக் கனமாகத் தெரிந்தது.

இப்படிச் சுழற்றும் பலத்தை, அல்லது சுழற்சியை எதிர்க்கும் பலத்தை, முறுக்கம் என்கிறார்கள். கிணற்றுத் துலாவிலும் போத்தல் மூடியிலும் நாம் கொடுப்பது முறுக்கம்தான். ஆகவே இரண்டு சோடிகளை நினைவில் வைத்தால் போதும். வேகமும் வோல்ற்றளவும் ஒரு சோடி. முறுக்கமும் மின்னோட்டமும் மறு சோடி.

படம் போட வாடகைக்கு எடுத்த ஜெனரேற்றரையும் நினைத்துப் பாருங்கள். ரீவியைப் போட்டவுடன் அதன் சத்தம் ஒரு கணம் தாழ்ந்து, பிறகு உறுமிக்கொண்டு எழும்பும். சுமை கூடியதால் சுற்றுவது கனத்தது. வேகம் குறையப் பார்த்தது. எஞ்சின் கூடுதலாக எண்ணெய் குடித்து வேகத்தைத் திரும்பப் பிடித்தது. 1950இல் இயங்கத் தொடங்கிய லக்சபான நீர்மின் நிலையத்திலும் இதே சங்கதிதான். நாம் ஒரு சுவிட்சைப் போட்டால் எங்கோ ஒரு சில்லுக்கு அந்த அளவுக்குக் கனம் கூடுகிறது. அதற்கு ஈடாகக் கூடுதல் தண்ணீர் திறந்துவிட வேண்டும்.

மோட்டார் என்பது திருப்பிப் போட்ட டைனமோ

டைனமோவுக்குச் சுழற்சியைக் கொடுத்தால் மின்சாரம் தரும். மோட்டாருக்கு மின்சாரத்தைக் கொடுத்தால் சுழற்சி தரும். 1873இல் வியன்னா நகரில் நடந்த கண்காட்சியில், மின்சாரம் உண்டாக்கும் ஓர் இயந்திரத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தபோது அது மோட்டாராகச் சுழன்றதை உலகம் பார்த்தது. இரண்டும் அடிப்படையில் ஒன்றுதான்.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. மோட்டார் சுழலும்போது அதுவும் உள்ளுக்குள் ஒரு டைனமோவாக வேலை செய்து, வரும் மின்சாரத்தை எதிர்த்துத் தள்ளுகிறது. நன்றாகச் சுழலும்போது எதிர்ப்பு அதிகம். ஆகவே குறைந்த மின்னோட்டமே உள்ளே வரும். சுமை கூடி வேகம் குறைந்தால் எதிர்ப்புக் குறையும், மின்னோட்டம் கூடும், முறுக்கமும் கூடும். அதாவது சுமை ஏறும்போது மோட்டார் சற்று மெதுவாகி, அதற்குப் பதிலாகக் கூடிய பலத்தை எடுத்துக்கொள்கிறது.

மில்லில் உள்ள மோட்டார் தூண்டல் மோட்டார் எனும் வகையைச் சேர்ந்தது. அதன் வெளிச்சுருளில் ஒரு காந்தப்புலம் நிமிடத்துக்கு 1500 தடவை சுற்றுகிறது. உள்ளே இருக்கும் உருளை அதைத் துரத்துகிறது. இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றினால் உருளையில் மின்னோட்டமே பிறக்காது, பலமும் வராது. அது கொஞ்சம் பின்தங்க வேண்டும். சுமையில்லாதபோது 1490 சுற்று அளவில் ஓடுவது, முழுச் சுமையில் 1440 அளவுக்கு இறங்கும். அதற்கு மேலும் சுமை ஏற்றினால் இன்னும் பின்தங்கி, இன்னும் மின்னோட்டம் எடுத்து, சூடாகும். ஓர் எல்லையைத் தாண்டினால் பலம் ஏறாது. மோட்டார் அப்படியே நின்றுவிடும். நின்ற மோட்டாருக்குள் முழுச் சுமை மின்னோட்டத்தைப் போல ஐந்து, ஆறு மடங்கு ஓடும். "ம்ம்ம்" என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கும் மோட்டார் சில நிமிடங்களில் எரிந்துபோவது இதனால்தான்.

சில்லு செய்த வேலை

அம்மா சொன்ன பெரிய சில்லின் கதைக்கு வருவோம். மில்லைப் பூட்டித் தந்தபோது மோட்டாரின் தண்டில் மூன்று அங்குலச் சில்லும், அரைக்கும் இயந்திரத்தில் ஆறு அங்குலச் சில்லும் இருந்தன. பெல்ற் இரண்டையும் இணைக்கும். ஒரு வருடத்துக்கு மேல் எந்தக் கரைச்சலும் இல்லை. சித்திரை வருடப்பிறப்புக்கு முன் சனம் வரிசையில் நின்றபோது, "மோட்டாரிலை பெரிய சில்லுப் போட்டால் கெதியா அரைபடும்" என்று யாரோ சொல்ல, மூன்று அங்குலத்தைக் கழற்றி ஐந்து அங்குலம் போட்டார்கள். உண்மையிலேயே கெதியாக அரைபட்டது. எல்லோருக்கும் சந்தோசம். சில வாரங்களில் மோட்டார் எரிந்தது. வைண்டிங் கட்டியவரிடம் மோட்டார் மட்டுமே போனது, சில்லு மில்லிலேயே இருந்தது. ஆகவே அவருக்கும் காரணம் தெரியவில்லை. திரும்ப வந்த மோட்டாரில் அதே ஐந்து அங்குலச் சில்லு ஏறியது.

அம்மாவின் சொல்லைப் பிடித்துக்கொண்டு, மோட்டாரில் ஒட்டியிருந்த தகட்டைப் படமெடுத்து, தொழில்நுட்பம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கடதாசியில் போட்டுக் காட்டிய கணக்கு இது.

தகட்டில் இரண்டு குதிரைவலு, 1440 சுற்று என்றிருந்தது. இரண்டு குதிரைவலு என்பது ஏறத்தாழ 1.5 கிலோவாற். கிலோவாற்றை 9550ஆல் பெருக்கி, நிமிடச் சுற்றால் வகுத்தால் முறுக்கம் வரும். இங்கே ஏறத்தாழ 10 நியூற்றன் மீற்றர். ஒரு மீற்றர் நீளத் தடியின் நுனியில் ஒரு கிலோ சீனியைத் தொங்கவிட்டால், மறுநுனியில் உண்டாகும் முறுக்கம் இந்த அளவுதான். "இவ்வளவு கொஞ்சமா?" என்று கேட்டேன். "கொஞ்சம்தான். ஆனால் நிமிசத்துக்கு 1440 தரம் அதைச் செய்யுதெல்லோ" என்றார்.

மூன்று அங்குலச் சில்லு ஆறு அங்குலச் சில்லைச் சுற்றும்போது வேகம் பாதியாகும். 1440 சுற்று 720 ஆகும். வேகத்தில் விட்டுக்கொடுத்தது முறுக்கத்தில் திரும்பக் கிடைக்கும். பத்து இருபதாகும். ஐந்து அங்குலம் போட்டால் அரைக்கும் இயந்திரம் 1200 சுற்று ஓடும். ஆனால் மோட்டார் தன் அளவோடு கொடுக்கக்கூடிய முறுக்கம் பன்னிரண்டுதான். மிளகாய்க்கோ நாங்கள் சில்லு மாற்றியது தெரியாது. அது பழைய எதிர்ப்பைத்தான் காட்டும். அதை வெல்ல மோட்டார் முன்னையதைவிட மூன்றில் இரண்டு பங்கு கூடுதலான முறுக்கத்தைக் கொடுக்க வேண்டியிருந்தது. அதற்காகக் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்து, நாள் முழுக்கச் சூட்டில் கிடந்து, கடைசியில் எரிந்தது.

வலு என்பது முறுக்கமும் வேகமும் பெருகி வருவது. சில்லை மாற்றி ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். இரண்டையும் சேர்த்துக் கூட்டச் சில்லால் முடியாது, பெரிய மோட்டாரால்தான் முடியும். சைக்கிளில் மேடு ஏறியவர்களுக்கும் மண் பாதையில் உழக்கியவர்களுக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொரு குற்றவாளியும் அகப்பட்டது. மீற்றர் பெட்டியிலிருந்து மில் கொட்டிலுக்கு நாங்களே இழுத்திருந்த வயர் நீளமானது, மெல்லியது. சுமையோடு ஓடும்போது மோட்டாரடியில் அளந்து பார்த்தால், 230 வோல்ற் இருக்க வேண்டிய இடத்தில் 200தான் இருந்தது. தூண்டல் மோட்டாரின் முறுக்க எல்லை வோல்ற்றளவின் இருமடிக்கு ஏற்ப மாறும். ஆகவே 230 இருநூறானால், மோட்டாரின் பலம் கால்வாசி குறைந்துவிடும். மேலே சுமை கூடியது, கீழே பலம் குறைந்தது. நடுவில் அகப்பட்டது மோட்டார். பழியைச் சுமந்தவர்கள் பெண்கள்.

திருத்திய அறிக்கை

புதிய அறிக்கையில் "பயிற்சி இன்மை" என்ற வரியை வெட்டினேன். சில்லின் அளவு, வயரின் தடிப்பு, வோல்ற்றளவு மூன்றையும் எழுதி, கணக்கையும் இணைத்தேன். முதல் அறிக்கையில் நான் பிழையாக எழுதியதையும் ஒப்புக்கொண்டேன். குத்தகைப் பேச்சு நின்றது. மூன்று அங்குலச் சில்லு திரும்ப ஏறியது. தடித்த வயர் போட்டு, ஓவர்லோட் சுவிட்சும் பூட்டினார்கள். கடன் இன்னும் முடியவில்லை. பிந்திய தவணைகளை இப்போதும் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி வருகிறார்கள். ஆனால் மோட்டார் எரியவில்லை. இப்போது மில்லில் நிற்பவர்கள் சத்தத்தைக் கேட்டே மிளகாய் போடுகிறார்கள். முக்கினால் கையை நிறுத்துகிறார்கள்.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

1. மோட்டாரை முதலில் சுமையில்லாமல் ஓடவிடுங்கள். அது முழு வேகத்தைப் பிடித்த பின் தானியத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். நிறுத்தும்போது உள்ளே இருப்பது அரைபட்டு முடியட்டும்.

2. மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே சுவிட்சை நிறுத்துங்கள். கையால் சுற்றிவிட்டுப் பார்க்க வேண்டாம். கப்பாசிற்றர் பழுதாகியிருக்கலாம், உள்ளே ஏதும் இறுகியிருக்கலாம். காரணத்தைக் கண்டபின் போடுங்கள்.

3. தையல் மெசின் மோட்டார் வேறு வகை. சுமையில்லாதபோது மிக வேகமாக ஓடும். சுமையேறினால் வேகம் நன்றாக இறங்கும். தடித்த துணியில் ஊசி இறங்காமல் மோட்டார் முனகினால் மிதியை அழுத்திப் பிடிக்காதீர்கள். காலை எடுத்துவிட்டு, கைச்சில்லைச் சுற்றி ஊசியை இறக்கிய பின் தையுங்கள்.

4. மோட்டார் புறப்படும்போது வழமையைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கும். ஆகவே பம் மோட்டாரின் அளவுக்கே ஜெனரேற்றர் வாங்கினால் போதாது. அது புறப்படும்போதே மூச்சுத் திணறி நின்றுவிடும். வாங்குமுன் கேட்டறியுங்கள்.

5. சில்லின் அளவை யார் சொன்னாலும் உடனே மாற்றாதீர்கள். தகட்டில் உள்ள குதிரைவலு, சுற்று, அம்பியர் மூன்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பழுது பார்க்கக் கொடுக்கும்போது சில்லையும் சேர்த்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

6. ட்ரிப் சுவிட்ச் மின்னொழுக்கிலிருந்து உங்கள் உயிரைக் காக்க உள்ளது. ஓவர்லோட் சுவிட்ச் மோட்டாரைக் காக்க உள்ளது. ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று இருந்துவிடாதீர்கள்.

7. பெல்ற்றுக்கு மறைப்புக் கட்டாயம். சீலைத் தலைப்பு, சோல், பின்னல் எல்லாவற்றையும் ஒதுக்கிக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். முறுக்கத்துக்குத் துணி எது, கூந்தல் எது என்று தெரியாது.

சென்ற மாதம் கொக்கிளாய்க்குப் போனபோது, கணக்கெழுதிய கடதாசி மில்லின் சுவரில் ஒட்டியிருந்தது. அம்மாவிடம், "நீங்கள் சொல்லாட்டி மில் கைவிட்டுப் போயிருக்கும் அம்மா" என்றேன். "நான் என்னத்தைச் சொன்னனான் பிள்ளை, எல்லாரும் மிதிச்சதுதானே" என்றுவிட்டு, மா அரிக்கத் தொடங்கினார்.

சகோதரிகளே, தடைக்காலத்தில் சைக்கிளை மிதித்த கால்களுக்கும், மண்ணெண்ணெயில் தண்ணீர் இறைத்த கைகளுக்கும் தெரிந்த விடயங்கள் ஏராளம். அவற்றைத் தெரியாதவர்கள் என்று எவரும் எம்மைப் பற்றி அறிக்கை எழுத விடாதிருப்போம். என்னைப் போன்ற ஒருத்தி எழுத வந்தாலும், முதலில் சில்லை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.